போஸ்ட்டில் இருந்து கட்டில் வரை

ஜூன் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் வீடு மாறுகிறவர்கள் நடமாட்டம் தொடங்கிவிடும். பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர், என்.ஜி.ஓ. காலனி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மாடி வீட்டுக்கு நாலைந்து பேர் சேர்ந்து பாய், தலையணை, டேபிள் ஃபேனோடு குடிவந்துகொண்டிருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்ப்பவர்கள், கங்கைகொண்டான் ஐடி பூங்காவுக்கு பைக்கில் போய்வருகிறவர்கள், பரீட்சைக்குப் படிப்பவர்கள். தண்ணீர் கேனுக்கும் பாலுக்கும் ஆள் சொன்ன கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: "இங்க எந்த நெட்டு நல்லாருக்கும்?" ஒருவர் ஒரு கம்பெனி பேரைச் சொல்வார். இன்னொருவர், "அதுவா? எங்க தெருவுல வாரத்துக்கு ரெண்டு நாள் வராதே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

இந்தக் கேள்வி எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே கம்பெனியின் இணைப்பு ஒரு தெருவில் மாதக்கணக்கில் அசையாமல் ஓடுகிறது, அடுத்த தெருவில் மழை தூறினாலே படுத்துக்கொள்கிறது. கம்பெனியின் பேரை வைத்து இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. மும்பைக்கும் சென்னைக்கும் நடுவே ஓடும் ஃபைபர் நம் வீட்டுத் தகராறுக்குக் காரணமாவது அபூர்வம். தெருமுனை ஈ.பி. போஸ்ட்டில் தொங்கும் கறுப்புப் பெட்டியில் இருந்து நாம் படுத்திருக்கும் கட்டில் வரை உள்ள அந்த நூறு, இருநூறு மீட்டரில்தான் முக்கால்வாசிக் கோளாறும் நடக்கிறது. அந்தத் தூரத்தைப் பார்க்காமல் பிளான் அட்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

பிளானில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். 1080பி வீடியோ ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். வீடியோ மீட்டிங்குக்குப் போகவும் வரவும் 2 முதல் 4. நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால்கூட 30 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது கஷ்டம். ஒருவர் பெரிய கேமை இறக்கும்போது மற்றவர்களுக்கு மூச்சு முட்டக் கூடாது என்பதற்காக 100 எடுத்தால் தாராளம். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசை நாலு பேர் வீட்டில் உணரவே முடியாது. டேட்டா அளவும் அப்படித்தான். பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3300 ஜிபி வரை வேகம் குறையாது. உயர்தர வீடியோ மணிக்கு 3 ஜிபி என்று வைத்து, நாலு பேர் தினமும் நாலு மணி நேரம் பார்த்தாலும் மாதத்துக்கு 1440 ஜிபிதான் ஆகும். விலையில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. விளம்பரத்தில் 699 என்று போட்டிருந்தால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துக் கையில் இருந்து போவது 824 ரூபாய் 82 காசு. நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 206. அப்லோட் வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்கு மீட்டிங் பேசுகிறவருக்கும் ஆன்லைன் தேர்வு எழுதுகிறவருக்கும் அதுதான் உயிர்.

யார் ஏணியோடு வருவார்?

நெல்லையில் ஒரு வீட்டுக்கு நெட் வரும் வழி நாலு விதம். பெரிய தனியார் கம்பெனிகளின் சொந்த ஃபைபர். பிஎஸ்என்எல் ஃபைபர், இதையும் பல இடங்களில் உள்ளூர்க் கேபிள்காரர்தான் பங்குதாரராக இருந்து இழுத்துக் கொடுக்கிறார். தெருவில் ஏற்கெனவே டிவி கேபிள் விடும் அண்ணாச்சியே வேறொரு இணைய நிறுவனத்திடம் வாங்கித் தரும் இணைப்பு. நாலாவது, 2023-இல் வந்த ஏர்ஃபைபர். மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா பெட்டியை மாட்டி 5ஜி சிக்னலை வாங்கிக்கொள்வது. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்காத இடங்களிலும் ஃபைபர் இன்னும் எட்டாத கே.டி.சி. நகர்த் தாண்டிய புது மனைகளிலும் ஏர்ஃபைபர் கைகொடுக்கும். ஆனால் அதில் மாத டேட்டா பெரும்பாலும் 1000 ஜிபிதான். டவரில் நெரிசல் கூடும் இரவு நேரத்தில் வேகம் இறங்கும். நாலு பேர் வீட்டுக்கு ஃபைபர் கிடைக்கும் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

மீதி மூன்றில் எதை எடுப்பது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: லைன் போனால் ஏணியை எடுத்துக்கொண்டு வரப்போகிற ஆள் யார், அவர் எங்கே இருக்கிறார்? டோல்ஃப்ரீ நம்பரில் புகார் எண் வாங்கிக் காத்திருக்கும் முறைக்கு ஒரு நன்மை உண்டு, எழுத்தில் பதிவாகிவிடும். அண்ணாச்சியிடம் இணைப்பு வாங்கினால், "அண்ணாச்சி, காலைல இருந்து லைன் இல்ல, எப்ப வாரீய?" என்று நேரே கேட்கலாம்; அவர் பையனை அனுப்புவார். ஆனால் அந்தப் பையன் ஊருக்குப் போயிருந்தால் அந்த ஏரியாவுக்கே ஆள் கிடையாது. அதனால் சேரும் முன்பு கீழ்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இரண்டே விஷயம் விசாரித்தால் போதும். கடைசியாக லைன் போனபோது எத்தனை மணி நேரத்தில் வந்தார்கள்? இரவு ஒன்பதரைக்கு வேகம் எப்படி? முடிந்தால் அந்த நேரத்தில் அவர்கள் ஃபோனிலேயே ஒரு வேகச் சோதனை போட்டுப் பார்க்கச் சொல்லலாம். காலை பத்து மணிக்கு 100 காட்டாத இணைப்பே ஊரில் கிடையாது. சிறு ஆபரேட்டர் மேலிடத்தில் வாங்கியிருக்கும் மொத்தக் கொள்ளளவு போதாவிட்டால், அது தெரியவருவது இரவு ஒன்பதில் இருந்து பதினொன்றுக்குள்தான்.

பிறகு தெருவில் இறங்கி அண்ணாந்து பார்க்க வேண்டும். போஸ்ட்டில் இருந்து வீட்டுக்கு வயர் எந்த வழியாக வரும்? தென்னை மட்டை விழும் இடத்தில் வருகிறதா? தெருவைக் குறுக்கே தாண்டுகிறதா, தாண்டினால் வைக்கோல் லாரி போகும் உயரம் இருக்கிறதா? நெல்லை டவுனில் வீடு என்றால் இன்னொன்றும் உண்டு. ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் நெல்லையப்பர் தேர் ஓடும் ரத வீதிகளில் குறுக்கே போகும் வயர்களைக் கழற்றுவார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு அவற்றை மறுபடி மாட்டும்போது, ஜாயின்ட்டை யார் எவ்வளவு ஒழுங்காகப் போடுகிறார் என்பதில் இருக்கிறது அடுத்த ஒரு வருடம். ரத வீதியைத் தாண்டாமல் உன் பக்கத்துப் போஸ்ட்டில் இருந்தே இணைப்புத் தரும் ஆள் இருந்தால், ஐம்பது ரூபாய் கூடுதலானாலும் அவரிடம் வாங்கலாம்.

கரண்ட் விஷயத்தையும் இதோடு கேட்டுவிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணி வரை மின்சாரம் இல்லை. ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கும். அதே வோல்ட்டும் அதற்குக் குறையாத ஆம்பியரும் உள்ள சின்ன யுபிஎஸ் வாங்கினால் இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். உள்ளே 2600 எம்ஏஎச் செல் மூன்று இருந்தால் ஏறக்குறைய 29 வாட்-அவர், ரவுட்டர் பத்து வாட் இழுக்கிறது, கணக்கு அவ்வளவுதான். ஆனால் நம் வீட்டில் மட்டும் பேட்டரி இருந்து பயனில்லை. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில், தெருவில் அப்படிப் பிரிக்கும் பிரிப்பான்களுக்கு மின்சாரம் வேண்டாம். ஆபரேட்டரின் அறையில் எல்லா வீட்டு ஃபைபரும் போய்ச்சேரும் ஓஎல்டி பெட்டிக்கு மட்டும் பேட்டரியோ ஜெனரேட்டரோ இருந்தால் தெருவே இருண்டாலும் நெட் ஓடும். சில சின்ன ஆபரேட்டர்கள் போஸ்ட்டுப் பெட்டியில் கரண்டில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லேன் கேபிள் இழுத்திருப்பார்கள். அங்கே கரண்ட் போனால் உன் யுபிஎஸ் வெறும் விளக்குதான். அந்த ஓஎல்டி அறை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கம் புகுந்ததை மறந்திருக்க முடியாது. தரைத்தளத்தில் கருவி வைத்திருந்தவர்களின் சந்தாதாரர்கள் மேட்டில் இருந்தாலும் அவர்களுக்கும் லைன் கிடையாது.

பெட்டி எங்கே மாட்டுகிறார்கள்?

எல்லாவற்றையும் விசாரித்து நல்ல இணைப்பாகவே எடுத்துவிட்டாலும் அதைக் கெடுப்பதற்கு ஓர் அரை மணி நேரம் இருக்கிறது. மாட்ட வருகிறவர் வந்து போகும் அந்த அரை மணி நேரம். அன்றைக்கு அவருக்கு இன்னும் நாலைந்து வீடு பாக்கி இருக்கும். வாசல் பக்கத்து ஜன்னல் வழியாக வயரை உள்ளே விட்டு, கைக்கு எட்டின பிளக் பாயின்ட்டின் மேல் பெட்டியை மாட்டி, முன்னறையில் நின்று வேகத்தைக் காட்டிவிட்டு, "பாத்துக்கிடுங்க, 100 வருது" என்று கிளம்புவார். முன்னறையில் யாரும் படுப்பதில்லை. ராத்திரி பின்னறையில் இருக்கிறவருக்கு ஒற்றைக் கோடு சிக்னல். அடுத்த மாதம் அவர், "எனக்குத்தான் வரலையே, நான் எதுக்குப் பங்கு கொடுக்கணும்?" என்று கேட்கத் தொடங்குவார். பங்கு வீடுகளில் நெட் சண்டை என்று கேள்விப்படுவதில் பாதி இதுதான். பழி கம்பெனி மேல் விழும்.

அந்த அரை மணி நேரத்தில் வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பெட்டி வீட்டின் நடுவே வர வேண்டும், அதாவது அறைக் கதவுகள் எல்லாம் திறக்கும் பொது இடத்தில், தரையில் இருந்து ஐந்து ஆறு அடி உயரத்தில். பீரோவுக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்கு மேலே, பரணுக்குள் என்று வைத்தால் வீண். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு துளைக்கும், ஆனால் பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் அதிலேயே இருப்பதால் நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு செங்கல் சுவர் தாண்டினால் களைத்துவிடும். டவுனில் முன்வாசலில் இருந்து பின்வாசல் வரை ரயில் பெட்டி மாதிரி நீளும் பழைய வீடுகளில், அந்தக் கனமான சுண்ணாம்புச் சுவர்களுக்கு ஒரே ரவுட்டர் எங்கே வைத்தாலும் போதாது. பெருமாள்புரம் பக்கத்து இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நடுவில் வைத்த ஒன்று போதும்.

நடுவில் மாட்டச் சொன்னால், "வயர் பத்தாது" என்பார். இருபது மீட்டர் ஃபைபர் வயருக்கான காசைக் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். வயரை மூலையில் மடக்கி ஆணி அடிக்க விடக் கூடாது. வளைவு காபி டம்ளரின் சுற்றளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளி வெளியே கசிந்துவிடும். வெளியில் இருந்து ஜன்னலுக்குள் நுழையும் இடத்தில் வயர் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப்போகும், பெட்டிவரை ஓடிவராது. ஜன்னல் கதவு வயரின் மேல் அடித்துச் சாத்தும்படி இருந்தால் ஒரே ஆடிக் காற்றில் கதை முடிந்தது.

பெட்டியை மாட்டி முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வேகத்தைப் பற்றியே கேட்க வேண்டாம். "பவர் எவ்வளவு வருது?" என்று கேட்டால் அவருக்குப் புரியும். அவர் கையில் இருக்கும் மீட்டரில் காட்டும். இல்லாவிட்டால் ரவுட்டரின் உள்பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்ற இடத்தில் மைனஸ் போட்டு ஓர் எண் இருக்கும், வந்துசேரும் ஒளியை அளக்கும் டிபிஎம் கணக்கில். மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட ஒளி குறைவு. மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவே பெட்டி வேலை செய்யும். மைனஸ் 20, 22 என்றால் நிம்மதி. மைனஸ் 25-ஐத் தாண்டியிருந்தால் இன்று ஓடும், ஐப்பசி மழையில் ஜாயின்ட்டில் ஈரம் ஏறினால் நிற்கும். அப்படி இருந்தால் ஜாயின்ட்டை மறுபடி போடச் சொல்லிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. கத்தியால் வெட்டி மாட்டும் ரெடிமேட் கனெக்டரைவிட மெஷினில் உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸ் பல மடங்கு மேல். பச்சை நிறக் கனெக்டரை நீல நிறத்தில் சொருகியிருக்கிறார்களா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். பச்சையின் முனை சாய்வாக வெட்டியது, நீலத்தினது நேரானது, இரண்டும் சேராது.

முதல் நாள் வந்த அந்த எண்ணை ஃபோட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். மைனஸ் 21 இருந்தது திடீரென்று மைனஸ் 25 ஆனால், தெருவில் புது வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க உங்கள் வயரின் நடுவில் இன்னொரு பிரிப்பானைச் சொருகியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாகப் பிரித்தால் ஒளி பாதியாகும், டிபி கணக்கில் மூன்றரை போல இறங்கும். "நெட்டு ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதிலோடு முடிந்துவிடும். "21 இருந்துச்சு, இப்ப 25 வருது அண்ணாச்சி" என்று சொன்னால் ஆள் வருவார். இந்த ஓர் எண் குடியிருப்பவர் கையில் இருக்கும் வீட்டில் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். உள்ளே நாம் செய்ய ஒன்றும் இல்லை, வயரை யாராவது இழுத்திருக்கிறார்களா, எலி, அணில் கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபோன் போடலாம். அவசரத்தில் ஊசித் துளையில் குத்தி ரீசெட் மட்டும் செய்துவிடக் கூடாது. இணைப்பின் பயனர் பேரும் கடவுச்சொல்லும் அழிந்து, வெட்டுப்பட்ட வயரோடு இரண்டாவது வேலையும் சேர்ந்துவிடும்.

பின்னறைக்கு எட்டவே இல்லை என்றால் சுவர் பிளக்கில் சொருகும் ரிப்பீட்டரை வாங்காதீர்கள். சிக்னல் கோடு கூடும், வேகம் பாதியாகும். கேட் 6 லேன் கேபிள் பதினைந்து மீட்டர் இழுத்து, ஒரு சாதாரண டூயல் பேண்ட் ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது வைஃபையை மட்டும் பரப்பும்படி, மாட்டுங்கள். அந்த முறை அதில் இல்லாவிட்டால், ஃபோன்களுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அதில் அணைத்துவிட்டு, கேபிளை லேன் துளையில் சொருகினால் சரியாகிவிடும்.

டிவி வேண்டுமா?

2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்த காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 2019 பிப்ரவரி 1-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புது முறை வந்தபோது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130, வரியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல்களுக்குத் தனி என்று ஆனது. 2020-இல் அதே 130-க்கு 200 சேனல் என்றார்கள். 2024-இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்று உங்கள் தெருக் கேபிள்காரர் சொல்வதுதான் கட்டணம்; எந்தச் சேனல்கள் பொதியில் இருக்கின்றன என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலைக்கும் படிப்புக்கும் போகிற நாலு பேர் வீட்டுக்குக் கேபிள் தேவையில்லை என்பதே என் கருத்து. நெட்டோடு வரும் ஓடிடி பொதியில் கிரிக்கெட்டும் சீரியலும் வந்துவிடுகின்றன. தினமும் செய்தி பார்க்கிற ஒருவர் இருந்தால், ஊரில் இருந்து அம்மா அடிக்கடி வந்து தங்குவார் என்றால், எடுக்கலாம். கீழே வீட்டுக்காரர் லைனில் இருந்து மாடிக்கு ஒரு வயரைப் பிரித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள்; டிஜிட்டல் ஆன பிறகு ஒவ்வொரு டிவிக்கும் தனிப் பெட்டி வேண்டும், வயர் மட்டும் வந்து பயனில்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்தால் பெட்டியைக் குறை சொல்லும் முன் மொட்டை மாடியில் இருக்கும் இணைப்புத் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் துருப்பிடித்திருக்கும். நெட் போனால் டிவியாவது ஓடட்டும் என்று ஒரே அண்ணாச்சியிடம் இரண்டையும் வாங்குகிறவர்கள், இரண்டு வயரும் ஒரே போஸ்ட்டில்தான் தொங்குகின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும்.

யார் பேரில் எடுப்பது?

ஆதார் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர்தான் சந்தாதாரர். அந்த வைஃபையில் யார் என்ன செய்தாலும் முதலில் விசாரணை வருவது அவரிடம். அதனால் பக்கத்து வீட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுப்பதில் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், மற்றவர்கள் அதை மதிக்க வேண்டும். ஓடிபி, ஓடிடி நுழைவு, ரீசார்ஜ் நினைவூட்டல் எல்லாம் அவர் எண்ணுக்குத்தான் போகும். ஆகவே வீட்டில் கடைசிவரை இருக்கப்போகிறவர் பேரில் எடுப்பது நல்லது. மே மாதம் படிப்பு முடிந்து கிளம்புகிறவர் பேரில் எடுத்தால், அவர் போன பிறகு ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரை அழைத்துக்கொண்டிருக்க வேண்டும். பேர் மாற்றித் தருகிறவர்கள் குறைவு.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டினால் பொருத்தும் செலவு இல்லை, ரவுட்டர் இலவசம் என்பார்கள். ஜூனில் குடிவந்து அடுத்த மே வரை இருப்பது உறுதி என்றால் ஆறு மாதம் கட்டலாம். பன்னிரண்டு மாதம் பங்கு வீட்டுக்கு ஆகாது. நடுவில் ஒருவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டால் அவர் பங்கை யார் திருப்பிக் கொடுப்பது என்பது பேசித் தீராது. முன்பணம் கட்டும் அன்றைக்கே, கிளம்புகிறவருக்கு மீதி மாதங்களின் பங்கை அடுத்து வருகிறவர் கொடுக்க வேண்டும் என்று பேசி வைத்துவிடுங்கள். அந்த இலவச ரவுட்டரும் பெரும்பாலும் கம்பெனியின் சொத்துதான், திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். டிவி பெட்டியும் அப்படியே. வீடு காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லி எழுத்தில் கேட்டு, பெட்டியோடு அடாப்டரையும் ரிமோட்டையும் சேர்த்துக் கொடுத்து, அடியில் இருக்கும் வரிசை எண் தெரிகிற மாதிரி ஃபோட்டோ எடுத்து, வாங்கிக்கொண்டவரிடம் ரசீதோ, "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியோ வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் டெபாசிட் திரும்பி வருவதில்லை.